கல்லுக்குச் சொல்லப் போனவள்

காசியின் வலது கையை ஆராயி மறுபடியும் எடுத்து நெஞ்சின் மேல் வைத்தாள். வைத்த கை அங்கே நிற்கவில்லை. மெதுவாக நழுவி, விலா வழியாக இறங்கி, பாயில் போய் விழுந்தது. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவனின் கை எப்படி விழுமோ அப்படித்தான் விழுந்தது.

"கட்டிடு அத்த," என்றாள் கஸ்தூரி.

"எத்தினி வாட்டிடி கட்றது? அவுத்துகினு அவுத்துகினு வருது."

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியாயிற்று. தாடைக்கு வெள்ளைத் துணி சுற்றியாயிற்று. கை மட்டும் எந்தக் கட்டுக்கும் அடங்கவில்லை. விடியற்காலையில் போன உயிர். குளித்துவிட்டு வந்து, மஞ்சள்பொடிப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தவர், "கஸ்தூரி, இன்னிக்கு..." என்று ஆரம்பித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதோடு சரி. இப்போது வெயில் வாசல் முழுக்க ஏறிவிட்டது. இந்நேரத்துக்கு உடம்பு விறைத்திருக்க வேண்டும். ஆனால் முழங்கையை மடக்கினால் மடங்குகிறது, விரலைப் பிரித்தால் பிரிகிறது. அக்குளில் கை வைத்துப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி சூடு பட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு வெளியே போனவள்தான், திரும்பி உள்ளே வரவேயில்லை.

கம்பவுண்டர் சகாதேவன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். "உசுரு இல்லம்மா. அதுல சந்தேகமே வேணாம். ஆனா ஏன் விறைக்கலன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்தார்.

ஒரு ஈகூட வந்து உட்காரவில்லை. அதைத்தான் கஸ்தூரியால் தாங்க முடியவில்லை. விசிறியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

ஆராயி அவள் காதருகே குனிந்தாள். ஆராயி காசியின் தங்கை, அவர் மகள் கஸ்தூரிக்கு அத்தை. "அவன் இன்னும் கைய வுடலடி," என்றாள். "உங்க நைனா கைய வேடியப்பன் புடிச்சுகினு இருக்கான். யாராவது போய்ச் சொல்லணும்."

அது இந்த ஒரு வகையறாவுக்கு மட்டும் உள்ள வழக்கம். ஏரிக்கரையில் நின்ற நடுகல்தான் அவர்களுக்கு வேடியப்பன். மாடு மீட்கப் போய்ச் செத்த எவனோ ஒருவனின் கல். அதற்கு மஞ்சள் பூசி, வெள்ளிக் கண் ஒட்டி, வேட்டி கட்டிவிடுகிற ஆளின் கையைக் கல் பிடித்துக்கொள்ளும் என்பார்கள். அந்த ஆள் செத்தால், மகன் கொள்ளி வைக்க வேண்டும், மகள் கல்லுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, 'உன் ஆளு போயிட்டான், இனிமே வரமாட்டான், கைய வுட்டுடு' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். பெயர் சொல்லக் கூடாது. செத்தவனுக்குக் கல்லிடம் பெயர் கிடையாது. காசியின் அப்பா செத்தபோது ஆராயிதான் ஏரிக்கரைக்கு ஓடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். தெருமுனை தாண்டினால் ஏரிக்கரை. ஒரு பாக்கு மெல்லுகிற நேரம்.

இப்போது கல் அங்கே இல்லை. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டுப் பக்கம், பழைய சத்திரம் ஒன்றில் வரலாற்றுக் கழகத்தார் வைத்திருக்கிற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் செயலாளர், ரிட்டயரான தமிழ் வாத்தியார் ராமகிருஷ்ணன், ஜீப்பில் வந்து, கல்லில் இருக்கிற எழுத்தைப் படித்துக் காட்டி, கரை உடைந்தால் கல்லும் போய்விடும் என்று பயம் காட்டி, காசியைச் சம்மதிக்க வைத்தார். கஸ்தூரி அன்றைக்கு வண்டியின் முன்னால் நின்று கத்தாத கத்தில்லை. "சாமிய கண்காட்சிக்குக் குடுப்பாங்களா நைனா? உனக்கு புத்தி கெட்டுப் போச்சா?" காசி சிரித்துக்கொண்டே, "அங்க மழ படாதும்மா அவனுக்கு," என்றார்.

அதற்கு ஈடாக அருங்காட்சியகத்தார் வருஷத்துக்கு ஒரு நாள் 'ஊர்க்கல் விழா' நடத்தினார்கள். கல் கொடுத்த ஊர்க்காரர்களை எல்லாம் அழைத்து, பொங்கல் வைக்க அரிசி வெல்லம் கொடுத்து, மைக் கட்டி, அவரவர் கல்லுக்கு அவரவர் மஞ்சள் பூசிக்கொள்ள விடுவார்கள். காசி மற்ற நாளெல்லாம் அந்த ஒரு நாளுக்காகவே இருந்தார். அந்த நாள் இன்றைக்குத்தான்.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்," என்று எழுந்தான் தம்பி தருமன்.

"உனக்குக் கொள்ளி. அவளுக்குத்தான் இது," என்றாள் ஆராயி. "அவ திரும்பி வந்து, சொல்லிட்டேன்னு வாயால சொன்னப்புறம்தான் தூக்கணும். பொழுது சாயறதுக்குள்ள வந்துருடி."

கஸ்தூரி புடவையை மாற்றவில்லை. முகத்தை மட்டும் கழுவினாள். கிளம்பும்போது நைனாவின் முகத்தைப் பார்த்தாள். கண் பாதி திறந்து, எங்கேயோ தூரத்தில் கூப்பிடுகிற யாரையோ கேட்பதுபோல இருந்தது. "நான் வர்றதுக்குள்ள மூஞ்சிய மூடிடாதீங்க," என்றாள். "நான் அவரை ஒயுங்காப் பாக்கணும். வாய்க்கரிசி நான் போடணும். சொல்லிட்டேன்."

பஸ்ஸில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. சாவு வீட்டு வாசனை அடித்ததோ என்னவோ.

சத்திரத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே முற்றத்தில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் நாலைந்து ஊர்க்காரர்கள் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கிற வெள்ளைக்காரி ஒருத்தி கேமராவோடு திரிந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோலாட்டத்துக்குத் தயாராக நின்றார்கள். எல்லாம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகுதான் கற்களைப் பார்த்தாள்.

விழாவுக்காக அவற்றை உள்ளேயிருந்து வெளியே கொண்டுவந்து, சுவரோரமாக வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஏறிப்போயிருந்த மஞ்சளும் எண்ணெயும் குங்குமமும் ஒன்றுமில்லை. வெள்ளிக் கண்கள் இல்லை. வேட்டி இல்லை. சாம்பல் நிறத்தில் மொட்டை மொட்டையாக நின்றன. கையில் வில், இடுப்பில் கத்தி, காலடியில் ஏதோ ஒரு மிருகம். அவளுக்குப் படிக்கத் தெரியாத பழைய எழுத்துகூடத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. மழையும் வெயிலும் தின்று வழுவழுவென்று கிடந்தது. எந்தக் கல்லுக்கும் முகம் இல்லை.

 சின்னப் பிள்ளையிலிருந்து கஸ்தூரி விழுந்து கும்பிட்ட அந்தக் கண்ணும் மூக்கும் மீசையும், கல் ஏரிக்கரையில் இருந்தபோது நைனா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மஞ்சளில் பிடித்துவைத்தவை. அதற்குப் பின்னால் யாருமே இல்லை.

"இன்னா சார் பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றாள் ராமகிருஷ்ணனிடம். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வாம்மா வா! அப்பா எங்க? எழுத்து தெரியணும்னுதான் கழுவினோம், மெட்ராஸ்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. அப்பா வந்ததும் புதுசா மஞ்சள்..."

"நைனா போயிட்டாரு சார். காலைல."

 ராமகிருஷ்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நிஜமாகவே கண் கலங்கியது அவருக்கு. "காசியா? போன வாரம்கூட கார்டு போட்டாரேம்மா, வரேன்னு..." என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கஸ்தூரி வந்த காரியத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் துக்கத்தோடு இன்னொன்றும் ஏறுவதை அவள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் வாயை மூடியிருப்பாள்.

"உங்க ஊரு இலுப்பந்தல் கல் எதும்மா... இதோ, கார்டு வெச்சிருக்கு பார். காலையில வாலண்டியர் பசங்க வரிசையா வெச்சாங்க." கல்லின் காலடியில், அட்டையில், பெரிய எழுத்தில் 'இலுப்பந்தல்' என்று இருந்தது. கஸ்தூரி கல்லைப் பார்த்தாள். அடையாளம் என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இதுதான் என்றால் இதுதான். மற்றது என்றால் மற்றது.

யாரோ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் கல்லுக்கு எதிரே போய் நிற்பதற்குள் ஸ்பீக்கரில் ராமகிருஷ்ணனின் குரல் வந்துவிட்டது. "பெரியோர்களே, தாய்மார்களே! வெளியார் யாரும் இதுவரை கண்டிராத ஓர் அரிய சடங்கு இப்போது நம் கண்முன்னே நடைபெற இருக்கிறது. அனைவரும் அமைதி காக்குமாறு..."

'அட பாவி மனுஷா' என்று மனசுக்குள் திட்டினாள். நிறுத்தச் சொல்ல நேரமில்லை. ஊரில் ஒரு கை பாயில் விழுந்துகொண்டே இருக்கிறது. தண்ணீரைக் கல்லின் தலையில் ஊற்றினாள். முகமில்லாத இடத்தில் தண்ணீர் நேராக வழிந்தது. 

"உன் ஆளு போயிட்டான்," என்றாள். "இனிமே வரமாட்டான். கைய வுட்டுடு."

 பிறகு யாரோ ஒருவர் கை தட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். கேமரா படக்கென்றது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில், நாற்காலி வரிசையில் ஒரு சோடா பாட்டில் விழுந்து உருண்டது.

விழவிட்டவர் வெள்ளந்தாங்கல் ஆதிமூலம், அதே வகையறாவில் கஸ்தூரிக்குப் பெரியப்பா முறை. வருஷா வருஷம் இந்த விழாவில் காசியும் அவரும் மரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். அவர் மஞ்சள் பூசுகிற ஊர்க் கல்லும் இங்கேதான் இருக்கிறது. ஆதிமூலம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது ஏன் பாட்டிலை விட்டது என்று அதையே கேட்பதுபோலப் பார்த்தார். பிறகு எழுந்து, ஆடி ஆடி நடந்து வந்து, கல்லின் முதுகுப் பக்கம் கையை விட்டுத் தடவினார். அங்கேயே அவர் கை நின்றுவிட்டது.

"யம்மா," என்றார். "இது எங்க அப்பனாச்சேம்மா."

கஸ்தூரிக்கு முதலில் புரியவில்லை.

"எங்க கல்லு முதுகுல உளி போன பள்ளம் ஒண்ணு இருக்குது. எண்ண ஊத்தி வெளக்கு ஏத்துவோம் அதுல. இதோ." அவள் கையைப் பிடித்து அங்கே வைத்தார். பள்ளம் இருந்தது. அடுத்த கல்லின் அட்டையில் 'வெள்ளந்தாங்கல்' என்று எழுதியிருந்தது.

கைதட்டல் இன்னும் முழுசாக ஓயவில்லை. கஸ்தூரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ராமகிருஷ்ணன் ஓடிவந்தார். "கார்டு மாறிப் போச்சு... பசங்க மாத்தி... ஐயோ, ஐயா, மன்னிக்கணும்..." 

"மைக்க மூடு சார்!" என்று கத்தினாள் கஸ்தூரி. "உன் மைக்கையும் உன் விழாவையும் மூடு மொதல்ல!"

மைக் நின்றது. ஆதிமூலம் மட்டும் பதறவில்லை. "காசியா போயிட்டான்?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். "அப்ப போய்ச் சொல்லும்மா உங்க கல்லுக்கு. பாவம், காத்துகினு இருப்பான்."

அவள் எழுந்து அடுத்த கல்லின் தலையில் மிச்சத் தண்ணீரை ஊற்றி, அதையே மறுபடி சொன்னாள். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. கிணற்றில் குடம் அறுந்து விழுந்தால் கயிறு சட்டென்று லேசாகுமே, அப்படி அவள் தோளில் ஏதோ லேசானது. நைனா போய்விட்டார். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. நின்றபடியே அழுதாள். அழுதுகொண்டே, முதல் தடவை சொன்னபோது இப்படி எதுவும் ஆகவில்லையே என்று நினைத்தாள். இங்கே ஆகவில்லை. ஆனால் அங்கே, நாற்காலியில்...

திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தாள்.

ஆதிமூலம் வேப்பமரத்து வேரில் போய் உட்கார்ந்திருந்தார். மடியில் வைத்திருந்த வலது கை நழுவிக் கீழே தொங்கியது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி நழுவியது.

அவள் ஓடினாள். "பெரிப்பா, நான் திருப்பிச் சொல்றேன். நீங்க இருக்கீங்கன்னு சொல்றேன். புடிச்சுக்கோன்னு சொல்றேன்."

"அதுக்கு வார்த்த ஏதும்மா? செத்தாச் சொல்லத்தான நமக்குக் கத்துக் குடுத்தாங்க."

அவள் போய்ச் சொல்லத்தான் செய்தாள். அந்தப் பள்ளமுள்ள கல்லின் முன்னால் மண்டி போட்டு, என்னென்னவோ சொன்னாள். "தெரியாம சொல்லிட்டேன். உன் ஆளு இங்கதான் இருக்காரு. பாரு, பொங்க துண்ண வந்திருக்காரு. புடிச்சுக்கோ அப்பா." முகமில்லாத கல் காய்ந்துகொண்டிருந்தது. சொன்னது போய்ச் சேர்ந்த மாதிரி இல்லை.

திரும்பி வந்தபோது ஆதிமூலம் சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு. "ஏன் அழுவுற? எனக்குப் புள்ள குட்டி இல்லம்மா. நான் செத்தா எவ போய் இவனுக்குச் சொல்லுவா, கெடந்து இழுத்துகினு இருப்பனேன்னு உங்க பெரிம்மா தெனம் பொலம்புவா. ராணியம்மா தெரியும்ல? இப்ப நீயே சொல்லிட்ட. அவளுக்குக் கவல வுட்டுது." கொஞ்சம் நிறுத்தினார். "உடம்பு லேசா இருக்குது. பாரமே இல்ல. ஊட்டுக்குப் போயிடணும்னு மட்டும் தோணுது. அவ தனியா இருக்கா."

ராமகிருஷ்ணன் கார் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க ஓடினார். அதற்குள் வாசலில் செங்கம் பஸ் வந்து நின்றது. இலுப்பந்தல் தாண்டித்தான் வெள்ளந்தாங்கல். கஸ்தூரி அவர் இடுப்பில் கை கொடுத்து ஏற்றினாள். ஏற்றும்போது, அவர் சொன்னது நிஜம்தான் என்று தெரிந்தது. அத்தனை உயரமான மனுஷன், ஒரு வைக்கோல் கட்டு கனம்கூட இல்லை.

ஜன்னலோரம் அவரை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது கை நழுவி இருவருக்கும் நடுவில் விழுந்தது. எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக, மெத்தென்று இருந்தது. காலையில் தொட்ட அதே சூடு.

"தூங்காதீங்க பெரிப்பா. பேசிகினே வாங்க."

"இன்னா பேசறது?"

"எதுனா. பெரிம்மா இன்னா சமைச்சாங்க காலைல?"

"கேவுரு அட," என்றார். "முருங்கக்கீர போட்டு." பிறகு பேச்சு நின்றது. அவள் கையை அழுத்தினாள். கண் திறந்தார். "முருங்கக்கீர ஜாஸ்தி போட்டுட்டா," என்றார்.

அவள் இறுக்கிப் பிடித்தால் அவர் இருந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்ள ஒரே ஒரு தடவை கையை எடுத்தாள். அவர் தலை சட்டென்று ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. இமை பாதியில் நின்றது. வாய் கொஞ்சம் திறந்தது. காலையில் பாயில் பார்த்த முகம் அது.  கஸ்தூரி இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். எங்கேயோ போன ஆள் மெதுவாகத் திரும்பி வருவதுபோல அவர் கண் அவளைத் தேடிக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு மூக்கு அரித்தால்கூட அவள் கையை எடுக்கவில்லை.

வெயில் இறங்கிக்கொண்டு வந்தது. இலுப்பந்தல் திருப்பத்தில் மேளச் சத்தம் கேட்டது. தெருமுனையில் ஆட்கள் நின்றார்கள். பாடைக்குப் பூ கட்டியாயிற்று. ஸ்டாப்பில் தருமன் ஈர வேட்டியோடு நின்று பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. உள்ளே முகம் மூடாமல் நைனா படுத்திருக்கிறார். அவள் வந்து பார்ப்பாள் என்று மூடாமல் வைத்திருக்கிறார்கள். இறங்கினால் ஒரு தடவை பார்த்துவிடலாம். கன்னத்தைத் தொடலாம். இறங்காவிட்டால் இனி எப்போதும் இல்லை. ஆதிமூலத்தையும் இறக்கினால், வெள்ளந்தாங்கலுக்கு இன்றைக்கு இனி பஸ் இல்லை.

"இலுப்பந்தல் எறங்கு! சீக்கிரம் எறங்கு!" கண்டக்டர் பலகையைத் தட்டினார். "யம்மா, உன் ஸ்டாப்பு வந்துருச்சு. எறங்கல?"

அவள் பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தாள். ஒரே ஒரு விரல். அவர் இமை இறங்கத் தொடங்கியது.

தருமன் அதற்குள் ஜன்னலுக்கே ஓடிவந்துவிட்டான். "அக்கா! எறங்குக்கா! நைனா கை நின்னுடுச்சு. கண்ணு தானா மூடிகிச்சு. எல்லாரும் உனக்காகத்தான்..."

"சொல்லிட்டேன்டா," என்றாள் கஸ்தூரி.  மேளத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று, ஆதிமூலத்தின் மேல் சாய்ந்து, ஜன்னல் வழியாக உரக்கக் கத்தினாள். "சொல்லிட்டேன்! தூக்கிடுங்க! நான் வரல, தூக்கிடுங்க!"

 விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது. மேளச் சத்தம் கூடவே கொஞ்ச தூரம் வந்தது.

ஆதிமூலம் கண்ணைத் திறக்காமலே தலையைச் சாய்த்து அதைக் கேட்டார்.

"மேளம் எனக்காம்மா?" என்றார்.

"இல்ல பெரிப்பா," என்றாள். "அது எங்க நைனாவுக்கு."